மூலையில் கிடக்கும் கறுப்பு மெசின்

உங்கள் வீட்டிலோ உம்மாவின் வீட்டிலோ, கட்டிலுக்கடியில் அல்லது குசினிக்குப் பக்கத்து அறையின் மூலையில், மரமூடி போட்ட பெட்டியொன்று கிடக்கிறதா? மூடியைத் தூக்கிப் பாருங்கள். கறுப்பு நிறத்தில், பொன்னிறப் பூவேலையோடு ஒரு தையல் மெசின் இருக்கும். கைபிடி இறுகிப் போயிருக்கும். ஊசி துருவேறி இருக்கும். பக்கத்துச் சின்ன அறைக்குள் பொத்தான்களும் நூற்கட்டைகளும் யாரோ எப்போதோ மடித்து வைத்த அளவுத் துண்டும் கிடக்கும். "இது இனி எதற்கு? இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது" என்று சொல்லி, பழைய இரும்புக்காரர் தெருவில் கூவியதும் நிறுத்துக் கொடுத்துவிடும் வீடுகள் ஏராளம்.

அதே மெசினைத் தேடிக் கடை கடையாக அலையும் சகோதரிகளும் இருக்கிறார்கள். தையல் தெரியும், புதிய மெசினுக்குக் கையில் பணமில்லை. ஏலம், பழைய சாமான் கடை, தெரிந்தவர் வீடு என்று கேட்டுத் திரிகிறார்கள். கொடுப்பவருக்குப் பொருளின் மதிப்புத் தெரியவில்லை. தேடுபவருக்கு எதைப் பார்த்து வாங்குவதென்று தெரியவில்லை. இரு சாராரோடும் இம்மாதம் கொஞ்சம் பேசலாம் என்றிருக்கிறேன்.

பழைய கருவிகளைத் தேடி வாங்குவது மேல்நாடுகளில் பலருக்குப் பொழுதுபோக்கு. சிலருக்கு அதுவே பிழைப்பு. அமெரிக்காவில் வீட்டுப் பெரியவர் இறந்துவிட்டால், அல்லது முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டால், பிள்ளைகள் அந்த வீட்டையே திறந்து வைத்து, உள்ளே இருக்கும் அத்தனை சாமானுக்கும் விலைச்சீட்டு ஒட்டி இரண்டு மூன்று நாள் விற்பார்கள். முதல் நாள் விடியுமுன்பே வாசலில் வரிசை நிற்கும். பல இடங்களில் கடைசி நாளில் பாதி விலைக்குக் கொடுப்பார்கள். நகையும் பீங்கானும் தேடுகிறவர்கள் முன்னறைக்கு ஓட, கருவி தேடுகிறவர்கள் நேரே கராஜுக்கும் நிலவறைக்கும் இறங்குவார்கள். ஸ்டான்லி கம்பனியின் பழைய இழைப்புளி, ஷெஃபீல்ட் உருக்கில் செய்த உளி என்று ஏதாவது துருவோடு கிடக்கும். தேய்த்துத் தீட்டினால் இன்று கடையில் விற்பதைவிட நன்றாக வேலை செய்யும் என்பது அவர்கள் கணக்கு. இங்கிலாந்தில் ஏலக்கூடங்கள் உண்டு. காரின் பின்கதவைத் திறந்து வைத்து விற்கும் சந்தைகளும் உண்டு. இப்படி ஒதுங்கிக் கிடக்கும் பழைய கருவிகளைச் சேர்த்து, திருத்தி, ஆபிரிக்க நாடுகளின் தொழிலாளருக்கு அனுப்பும் தொண்டு நிறுவனமொன்று 1970களின் இறுதியில் இங்கிலாந்தில் தொடங்கியது. 'டூல்ஸ் ஃபோர் செல்ஃப் ரிலயன்ஸ்' என்று அதற்குப் பெயர். தச்சுக் கருவிகளோடு தையல் மெசின்களையும் அவர்கள் அனுப்பினார்கள்.

தச்சரின் இழைப்புளியைப் பற்றி ஆண்கள் பேசிக்கொள்ளட்டும். நம் வீட்டுப் பெண்களுக்குச் சோறு போட்ட கருவி தையல் மெசின்தான். கணவனை இழந்த எத்தனை தாய்மார் இந்த ஒரு மெசினின் கைபிடியைச் சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள் என்பது உங்கள் ஊரிலேயே கேட்டால் தெரியும். நோன்புப் பெருநாளைக்கு முந்திய பத்து நாட்களில் நடுநிசி வரை அந்தச் சத்தம் கேட்காத தெரு எங்கே இருந்தது?

ஐசாக் சிங்கர் என்ற அமெரிக்கர் 1851 ஆகஸ்ட் மாதத்தில் தமது மெசினுக்குக் காப்புரிமை பெற்றார். அவருக்கு முன்பும் தையல் மெசின் செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ஏழை வீட்டுக்குள்ளும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவருடைய கூட்டாளியான எட்வர்ட் கிளார்க்கின் யோசனை. 1856ல் அவர் தவணைக்கு விற்கத் தொடங்கினார். முதலில் சிறு தொகை, பிறகு மாதந்தோறும் கொஞ்சம். இலங்கைக்குச் சிங்கர் 1877லேயே வந்துவிட்டது.

நம் நாட்டு வீடுகளில் காணப்படும் பழைய மெசின்களில் மிகப் பல அமெரிக்காவில் செய்தவை அல்ல. ஸ்கொட்லாந்தில் கிளைட்பாங்க் என்ற ஊரில் செய்தவை. அங்கே சிங்கர் கட்டிய பிரமாண்டமான தொழிற்சாலை 1885ல் திறக்கப்பட்டது. 1913ல் மட்டும் அங்கிருந்து 13 இலட்சம் மெசின்கள் வெளியேறின. 1884 தொடக்கம் 1943 வரை 3 கோடி 60 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். 1980ல் தொழிற்சாலை மூடப்பட்டது. அதன் நாலுமுக மணிக்கூண்டு 1963லேயே கழற்றப்பட்டுவிட்டது. ஊரின் ரெயில் நிலையமொன்றுக்கு மட்டும் இன்றும் சிங்கர் என்றே பெயர்.

பெட்டியின் மரமூடி பளபளக்கிறதே, அந்தப் பளபளப்பும் பெண்களின் கைவேலைதான். 1911 மார்ச் மாதத்தில் கிளைட்பாங்க்கில் மரப் பெட்டிகளுக்கு மெருகு போடும் பகுதியில் ஆட்களைக் குறைத்து, அவர்களுடைய வேலையையும் மிச்சமிருந்தவர்கள் தலையில் கட்டியபோது, பன்னிரண்டு பெண்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். சில நாட்களுக்குள் சுமார் பதினோராயிரம் பேர் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். வேலைநிறுத்தம் தோற்றது. முன்னின்றவர்களில் பலருக்கு வேலையும் போயிற்று.

இனி உங்கள் மெசினின் வயதைப் பார்ப்போம். தளத்தின் வலப்பக்கத்தில், தூணின் அடியில், ஓர் இலக்கம் பொறித்திருக்கும். துணியால் துடைத்துவிட்டு டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். ஆங்கில எழுத்தே இல்லாமல் வெறும் இலக்கமாக இருந்தால் 1900க்கு முந்தியது. 'வை' என்ற எழுத்தில் தொடங்கினால் 1920களிலிருந்து 1935 வரை கிளைட்பாங்க்கில் செய்தது. 'எஃப்' என்றால் அதற்கும் கொஞ்சம் முந்தியது. 'ஈ' முதலாக இரண்டு எழுத்துக்கள் (ஈ.ஏ., ஈ.பி. என்று) இருந்தால் 1935க்குப் பிந்தியது. மொடல் இலக்கத்தின் பின்னால் 'கே' என்ற எழுத்து வந்தால், 15கே, 28கே, 66கே, 99கே, 201கே என்று, அதுவும் கிளைட்பாங்க்கின் அடையாளம்தான்.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். சில மெசின்களில் பித்தளைப் பட்டயத்தைச் சுற்றி நீலக் கரை இருக்கும். அதில் 1851 – 1951 என்று எழுதியிருக்கும். இதைக் காட்டி, "பாருங்கள், 1851ல் செய்தது, நூற்றெழுபது வருஷத்து மெசின்" என்று விலை சொல்கிற வியாபாரிகள் உண்டு. அது கம்பனியின் நூறாவது ஆண்டு நினைவாக 1951 அளவில் போட்ட பட்டயம். மெசின் நல்லதாக இருக்கலாம். ஆனால் அது உங்கள் உம்மாவின் வயதுதான். அவருடைய பாட்டியின் வயதல்ல.

கோடிக்கணக்கில் செய்த பொருள் அபூர்வப் பொருளாகாது. 'அன்டிக்' என்று சொல்லி இலட்சக் கணக்கில் கேட்பவரிடம் வாங்கவும் வேண்டாம். நம்மிடம் இருப்பதை அப்படி விற்றுவிடலாம் என்று கனவு காணவும் வேண்டாம். அதன் மதிப்பு அது தைப்பதில் இருக்கிறது. அதற்காக இரும்பு விலைக்கு நிறுத்துக் கொடுப்பதும் அநியாயம்.

இந்த இடத்தில் சவூதி அரேபியாவில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லியாக வேண்டும். நம் குடும்பங்களில் அந்தப் பக்கம் போய் உழைக்கிறவர்கள் பலர் இருப்பதால் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 2009 ஏப்ரல் மாதத்தில் அங்கே ஒரு வதந்தி பரவியது. பழைய சிங்கர் மெசின்களுக்குள் 'சிவப்புப் பாதரசம்' இருக்கிறதாம்; அதை வைத்துப் புதையலைக் கண்டுபிடிக்கலாமாம், ஜின்களை வசப்படுத்தலாமாம், அணுகுண்டும் செய்யலாமாம்! அவ்வளவுதான். யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடந்த மெசின்களின் விலை ஆயிரக்கணக்கான ரியாலுக்கு ஏறியது. 2 இலட்சம் ரியால் வரை கேட்டதாகவும், தையற்கடைகளை உடைத்து மெசின் திருடியதாகவும் அந்நாட்டுப் பத்திரிகைகளே எழுதின. உள்ளே பாதரசம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு 'பரிசோதனை' வேறு: கைத்தொலைபேசியை ஊசிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அழைப்பு அறுந்துவிட வேண்டுமாம். இறுதியில் பொலிஸார் தலையிட்டு விசாரிக்க வேண்டியதாயிற்று.

சிவப்புப் பாதரசம் என்ற அந்த மாயப் பொருள் உலகில் எங்குமே இல்லை. அதன் பெயரால் ஏமாற்றுவது மட்டும் பல நாடுகளில் பல காலமாக நடக்கிறது. தையல் மெசினுக்குள் இருப்பவை வார்ப்பிரும்பு, உருக்கு, கொஞ்சம் பித்தளை. பாதரசத்துக்கு அதற்குள் வேலையே இல்லை. கைத்தொலைபேசி அழைப்பு எங்கே வைத்தாலும் சில நேரம் அறுந்து போகும். அதற்கு மெசின் தேவையில்லை. ஆகவே யாராவது உங்கள் வாசலுக்கு வந்து மெசினின் இலக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டு, "வெளிநாட்டில் இதற்கு ஆள் இருக்கிறது, முதலில் கொஞ்சம் பரிசோதனைக் காசு தாருங்கள்" என்று தொடங்கினால், கதவைச் சாத்திவிடுங்கள்.

விற்க நினைக்கும் சகோதரிகளுக்கு இன்னொன்று. வீட்டில் ஒரு மௌத்து நடந்து, நாட்கள் கழிந்த பிறகு சாமான்களை ஒதுக்கும்போதுதான் இந்த மெசின்கள் பெரும்பாலும் வெளியே வருகின்றன. யாருடைய மெசின் அது என்று அப்போது யாரும் கேட்பதில்லை. மரணித்தது கணவன், மெசினோ மனைவி தன் மஹர்ப் பணத்திலோ, தைத்துச் சேர்த்த காசிலோ வாங்கியது, அல்லது அவளுடைய உம்மா கொடுத்தது. அப்படியானால் அது அவருடைய சொத்தே அல்ல. பங்கிடும் கணக்கிலும் அது வராது. அவள் இத்தாவில் உள்ளறையில் இருக்கும்போது, "இதுவும் நானாவின் சாமான்தானே" என்று மச்சான்மார் எடுத்துப் போய் விற்றால் அது அவளுடைய உரிமையைப் பறிப்பதாகும். மரணித்தவள் உம்மாவாக இருந்தால், கடனும் வஸிய்யத்தும் போக மெசின் அவளுடைய வாரிசுகள் எல்லாருக்கும் உரியது. மூத்த மகள் தன் இஷ்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. மருமகள் இரும்புக்காரருக்குக் கொடுக்கவும் முடியாது. மரணசாசனம் எழுதாமல் மௌத்தாகும் முஸ்லிம்களின் சொத்து பற்றி 1931ல் இந்நாட்டில் வந்த 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், அவர் பின்பற்றிய பிரிவின் முஸ்லிம் சட்டப்படியே பிரிக்கச் சொல்கிறது. பெரிய வீடு வளவைப் பற்றி உறுதிக்காரரிடம் ஓடுகிற நாம், சின்னச் சாமான்களில் இதை மறந்துவிடுகிறோம். வாரிசுகளில் ஒருத்தி தைக்கத் தெரிந்தவளாக இருந்தால், மற்றவர்கள் மனமொப்பித் தங்கள் பங்கை அவளுக்கு விட்டுக் கொடுப்பதை, அல்லது நியாயமான விலைக்கு அவளிடமே கொடுப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வாங்கப் போகிற சகோதரிகளே, நீங்கள் போகும் வீட்டில் ஒரு வயதான தாய் மட்டும் இருந்து, "எடுத்துக்கொண்டு போ மகள், ஏதாவது தா" என்று சொல்லலாம். பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். மடிப்புத் தைக்கவும் சுருக்கு வைக்கவும் உதவும் பழைய துணைக்கருவிகள் பச்சை நிற அட்டைப் பெட்டியில் அப்படியே இருந்தால், அவற்றுக்குத் தனி விலை உண்டு. 'சிமான்கோ' என்று அவற்றில் பொறித்திருந்தால் கம்பனியே செய்த அசல். அதை அந்தத் தாயிடம் சொல்லிவிட்டு விலை பேசுங்கள். மலிவாகக் கிடைத்ததென்று ஊரெல்லாம் பெருமை பேசுவதற்கு அது சந்தையில்லை, ஒருவருடைய வீடு.

ஏலத்துக்கு வருவோம். ஏலமென்றால் நம் பெண்களில் பலருக்கு ஒரு கூச்சம். கடனில் மூழ்கியவர் வீட்டுச் சாமானைக் கூவி விற்பது என்றுதான் மனதில் படிந்திருக்கிறது. அப்படி இருக்க வேண்டியதில்லை. நபி (ஸல்) அவர்களிடம் யாசகம் கேட்டு வந்த ஓர் அன்சாரித் தோழரின் வீட்டிலிருந்த ஒரு விரிப்பையும் ஒரு பாத்திரத்தையும் கொண்டுவரச் சொல்லி, அவர்களே ஏலம் கூறி இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்த செய்தி அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய கிரந்தங்களில் இருக்கிறது. ஒரு திர்ஹத்துக்கு வீட்டுக்கு உணவு. மற்றத் திர்ஹத்துக்கு ஒரு கோடரி. அந்தக் கோடரிக்குத் தமது கையாலேயே காம்பு போட்டு, விறகு வெட்டி விற்க அனுப்பினார்கள். பதினைந்து நாட்களில் அவர் பத்துத் திர்ஹம் சம்பாதித்துக்கொண்டு வந்தார். ஏலத்தில் போனது விரிப்பு. வீட்டுக்கு வந்தது கருவி.

அதே ஏலத்தில் தடுக்கப்பட்ட ஒன்றும் உண்டு. வாங்கும் எண்ணமே இல்லாமல், விலையை ஏற்றிவிடுவதற்காகவே கேட்பது. 'நஜ்ஷ்' என்பார்கள். இன்றும் ஏலக்காரருடைய ஆட்களே கூட்டத்தில் நின்று இதைச் செய்வதுண்டு. இதற்கு ஒரே மருந்து, வீட்டிலிருந்து புறப்படும்போதே உங்கள் எல்லையை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போவது. அந்தத் தொகைக்கு மேல் ஒரு ரூபாவும் கேட்கக் கூடாது. பலர் பொருளுக்காக அல்ல, பக்கத்தில் கேட்பவருக்கு விட்டுக் கொடுக்க மனமில்லாமல்தான் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். சாமான்களைப் பார்க்க முன்கூட்டியே நேரம் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் போகாமல் ஏலத்தன்று மட்டும் போய்க் கேட்காதீர்கள். ஏலத்தில் பொருள் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில்தான் உங்களுக்கு. பிறகு திருப்பிக் கொடுக்க முடியாது. விழுந்த விலைக்கு மேல் ஏலக்கூலி, வரி ஏதாவது உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியோடு பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும் ஒரு சாமானை வீட்டுக்குக் கொண்டுவர முச்சக்கர வண்டிக் கூலியும் ஆகும்.

மூடப்பட்ட ஆடைத் தொழிற்சாலைகளின் ஏலத்தில் ஜூக்கி முதலான பெரிய மெசின்கள் மொத்தமாக வரும். வேகமான மெசின்கள்தான், ஆனால் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. பழைய வகை மோட்டார் பூட்டியவை, நீங்கள் தைக்காமல் சும்மா இருக்கும்போதும் சுவிட்ச் போட்டபடி இருந்தால் சுழன்றுகொண்டே இருக்கும்; கரண்ட் பில்லில் அது தெரியும். புதிய வகை 'சேர்வோ' மோட்டாரானால் மிதிக்கும்போது மட்டுமே ஓடும். ஊசியும் வேறு. தொழிலாகத் தைக்கிறவளுக்கு அது சரி. பிள்ளைகளின் உடுப்பும் வீட்டுத் திரைச்சீலையும் தைக்க நினைப்பவளுக்குக் கைமெசினோ கால்மெசினோ போதும்.

பார்க்கப் போகும்போது கைப்பையில் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு டோர்ச், சிறிய திருகாணிச் சாவி, புதிய ஊசி, நூல், இரண்டாக மடித்த பருத்தித் துணித் துண்டு, கொஞ்சம் மெசின் எண்ணெய். முதலில் சக்கரத்தை உங்கள் பக்கமாகத் திருப்புங்கள், எதிர்ப்பக்கமாக அல்ல. இறுக்கமாக இருந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது காய்ந்த எண்ணெய்தான். ஆனால் ஒரே இடத்தில் வந்து 'டக்' என்று நின்றால் உள்ளே ஏதோ உடைந்திருக்கலாம், அல்லது நூல் சிக்கியிருக்கலாம். வெளிப் பளபளப்புப் பாகங்களில் மேலோட்டமான துரு ஒரு பொருட்டல்ல. வார்ப்பிரும்பில் வெடிப்பு என்றால் விட்டுவிடுங்கள். வார்ப்பிரும்பை ஒட்டவைப்பது இலேசல்ல. மெசினைப் பின்னுக்குச் சாய்த்து, கீல் சேரும் இடங்களை டோர்ச் அடித்துப் பாருங்கள். கீழே விழுந்த மெசின் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது பொபின். 28கே போன்ற பழைய சிறிய மெசின்களில் துப்பாக்கி ரவை போல ஒரு நீள ஷட்டிலும் அதற்குள் மெல்லிய நீளப் பொபினும் இருக்கும். அந்த ஷட்டில் காணாமல் போயிருந்தால் விலையைப் பாதியாகப் பேசுங்கள்; தேடிப் பிடிக்கும் வேலை உங்களுக்கு. 15கேயில் வட்டப் பொபின் பக்கவாட்டில் ஓர் உறைக்குள் போகும். யுத்தத்துக்குப் பிறகு ஜப்பான்காரர் இந்த 15இன் அமைப்பைப் பின்பற்றி எத்தனையோ பெயர்களில் மெசின் செய்தார்கள். அதனால் இதற்கு உதிரிப் பாகம் கிடைப்பது எளிது. வேறு பெயர் எழுதியிருக்கிறதென்று அவற்றை ஒதுக்கத் தேவையில்லை, பல நல்ல மெசின்கள். 66, 99 ஆகியவற்றில் பொபினை மேலிருந்தே போடலாம். பழகுகிற பிள்ளைக்கு இவை இலகு. இந்த மொடல்கள் எல்லாவற்றுக்கும் கடையில் கிடைக்கும் சாதாரண வீட்டு மெசின் ஊசி, உறையில் 15 × 1 அல்லது எச்.ஏ. × 1 என்று எழுதியிருப்பது, சரியாக இருக்கும். வயலின் போல இடுப்பு ஒடுங்கிய தளத்தோடு மிகப் பழைய மெசின் ஒன்று வரும். பார்க்க அழகோ அழகு. அதன் ஊசி இன்று இலேசில் கிடைக்காது. அலங்காரத்துக்கு வாங்குகிறவர்கள் வாங்கட்டும்.

நூல் போடாமல் ஒரு கடதாசித் துண்டை வைத்து ஓட்டிப் பாருங்கள். துளைகள் நேர்கோட்டில், ஒரே இடைவெளியில் விழுந்தால் துணியை நகர்த்தும் பற்கள் வேலை செய்கின்றன. பிறகு நூல் போட்டுத் துணியில் தையுங்கள். தையல் தளர்ந்தோ இறுகியோ விழுந்தால் அது நூலின் இறுக்கம் சம்பந்தப்பட்டது, திருத்தலாம். "கறண்ட் இல்லை, நூல் இல்லை, அதெல்லாம் நன்றாகத் தைக்கும், நம்பிக் கொண்டுபோங்கள்" என்று கைமெசினைக் காட்டிச் சொன்ன வியாபாரியையும் கண்டிருக்கிறேன். கைமெசினுக்கு ஏது கரண்ட்!

மெசின் வீட்டுக்கு வந்துவிட்டது. இனித் திருத்த வேண்டும். நம் வீடுகளில் செய்யும் பெரிய அநியாயம், கீச்சிடுகிற மெசினுக்குத் தேங்காயெண்ணெய் விடுவது. அது அன்றைக்கு ஓடும். பிறகு காய்ந்து பிசினாகி எல்லாத் துவாரத்தையும் அடைத்துவிடும். அசையாமல் கிடக்கும் மெசின்களில் பாதிக்கு இதுவே காரணம் என்பது திருத்துகிற எல்லாரும் சொல்லும் சங்கதி. அந்தப் பிசினை இளக்க, எண்ணெய்த் துவாரங்களில் இரண்டு மூன்று துளி மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். அடுப்பில்லாத இடத்தில், ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்யுங்கள். மறுநாள் சக்கரத்தைப் பலவந்தப்படுத்தாமல் முன்னும் பின்னுமாக மெல்ல அசையுங்கள். அசையாவிட்டால் மறுபடி விடுங்கள். சில மெசின்களுக்கு ஒரு வாரமும் ஆகும். சுத்தியலால் தட்டுகிறவரிடம் மட்டும் கொடுக்க வேண்டாம்.

அந்தப் பொன்னிறப் பூவேலையில் மண்ணெண்ணெயோ ஸ்பிரிட்டோ படக் கூடாது. ஸ்பிரிட் பட்டால் மேல்பூச்சுக் கரைந்து, பொன்னிறம் வெள்ளி போல வெளிறிவிடும். பிறகு திரும்பி வராது. தளத்தை மெசின் எண்ணெய் தோய்த்த மெல்லிய துணியால், தேய்க்காமல் தடவித் துடைத்தாலே எத்தனையோ வருஷத்து அழுக்குப் போய்விடும். பற்களுக்கடியில் அமுங்கிக் கிடக்கும் பஞ்சை ஒரு குண்டூசியால் கிண்டி எடுங்கள். கால்மெசினாக இருந்தால் தோல் பட்டியை மாற்றிவிடுங்கள். காய்ந்த பட்டி வழுக்கும். புதியதை முதலிலேயே குட்டையாக வெட்டிவிடக் கூடாது. சக்கரத்தில் போட்டுப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் விட்ட இடங்களிலெல்லாம் இறுதியில் நல்ல மெசின் எண்ணெய் ஒவ்வொரு துளி விட்டு, கால் மணி நேரம் வெறுமனே ஓட்டுங்கள். கறுத்த அழுக்கு வழியும். துடைத்துவிட்டு மறுபடி ஒரு துளி விடுங்கள். முதல் நாளே ஜும்ஆவுக்குப் போகிற வெள்ளை ஜுப்பாவைத் தைக்க உட்காராதீர்கள். பழைய சாரமொன்றைக் கிழித்து அதில் தைத்துப் பாருங்கள். ஊசி இறங்கும் இடத்தில் எண்ணெய்ப் பொட்டு விழாமல் ஒரு முழம் தைத்து முடிந்ததும் வெள்ளைத் துணியை எடுக்கலாம்.